மனை எண் இரண்டின் நான்கெல்லை

ஜூன் 24

மதுரையிலிருந்து கனகசபாபதி அய்யா போன் செய்தார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மகனோடு மெல்போர்ன் போகிறாராம். இனித் திரும்புகிற எண்ணம் இல்லையாம். "கிட்டங்கியக் குடுத்துட்டுப் போயிரலாம்னு இருக்கேன் வெயிலு. இருபத்திரெண்டு வருசமா வாடகைக்கு இருக்கவ நீ. உனக்குத்தான் முதப் பேச்சு" என்றார்.

யோசிக்கவே இல்லை, "முடிச்சிருவோம் அய்யா" என்றேன். பேரம் பத்து நிமிடம். அவரும் ஒரு காலத்தில் வியாபாரி. இரண்டு பேருமே நஷ்டப்பட்ட மாதிரிப் பேசி, இரண்டு பேருமே சந்தோஷமாகப் போனை வைத்தோம்.

வெயிலுகந்தாள் என்ற பெயரில் இதுவரை ஒரு ரேஷன் கார்டும் ஒரு ஸ்கூட்டரும்தான் இருக்கின்றன. கையில் ஒரு கோணி ஊசியோடு இந்தத் தெருவுக்கு வந்தவள் நான். பருப்பு மில்லில் கழித்துப் போட்ட கிழிசல் சாக்கை வாங்கி, ஒட்டுப் போட்டு விற்றேன். இன்று ஏழு ஜில்லாவுக்குச் சாக்கு போகிறது. சாக்கு அடுக்கி வைத்திருக்கிற இந்தக் கிட்டங்கி மட்டும் அடுத்தவர் இடம்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தமயந்தியிடம் சொன்னேன். "கிடைச்சா சந்தோசம்மா. கிடைக்கலைன்னா கடையக் கட்டிட்டு இங்க வந்துரு. இனிமே சாக்குப் போக்கு கேக்க மாட்டேன்" என்றாள். நல்ல ஊர்தான். காற்று குளிர்ச்சி, தண்ணீர் இனிப்பு. அங்கே போய் நான் பேரனுக்கு இட்லி ஊட்டுவேன். அதற்குப் பிறகு பகல் முழுக்க என்ன செய்வேன்?

ஆக, ஆகஸ்ட் ஐந்துக்குள் கிட்டங்கி என் பெயருக்கு வர வேண்டும். வராவிட்டால் கோயம்புத்தூர்.

ஜூன் 26

பத்திர ஆபீஸுக்குப் போனேன். எதிர்வரிசையில் ஏழெட்டுப் பத்திர எழுத்தர்கள். இஸ்ரவேலிடம் வேலையைக் கொடுத்தேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை, நம் தெருக்காரர். தெருவின் அந்தக் கடைசியில் ஓடைக்கரைக்கு முந்தின வீடு. மனைவி இறந்து பன்னிரண்டு வருடம். மகன் தூத்துக்குடியில் வேலை பார்க்கிறான். வழியில் பார்த்தால் தலையசைப்பார், நானும் அசைப்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

மனிதர் ரொம்ப மெது. ஒரு காகிதத்தை மூன்று தடவை படிக்கிறார். ஒரு பக்கத்துக்கு ஒரு டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல்.

"வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டாச்சு முதலாளியம்மா. கம்ப்யூட்டர்ல பழசு இல்ல. உங்களுது அறுபத்தெட்டாம் வருசத்துப் பத்திரம். கையால எழுதின புத்தகத்துலதான் தேடணும்."

"எத்தனை நாளாகும் ரைட்டர்?"

"தேடினாத் தெரியும்."

எனக்கு இந்த மாதிரிப் பதில் பிடிக்காது.

ஜூன் 28

மழை. முந்நூறு சாக்கு நனைந்தது. நாள் முழுக்க உலர்த்தல்.

ஜூலை 1

பழைய புத்தகம் கிடைத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார். நீலப் பட்டுக் கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அரசாங்க ஆபீஸ், ஒரு மரியாதை வேண்டாமா? சாக்குத் தைக்கிற பேச்சி, "அக்கா, கல்யாண வீடா?" என்று கேட்டாள். வேலையைப் பார் என்றேன்.

நகலை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது டீ ஆறிப் போய் ஆடை கட்டிவிட்டது. முகம் செத்துப் போயிற்று.

"என்ன ரைட்டர்?"

"நாளைக்கு வந்து சொல்றேன். இன்னும் ஏழு பத்திரத்தப் பாக்கணும்."

"என் பத்திரம் ஒண்ணுதானே, ஏழு எதுக்கு?"

எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 2

காலை எட்டு மணிக்கு இஸ்ரவேல் கிட்டங்கிக்கு வந்தார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பேச்சியிடம் சாக்குக்குக் குறி போடும் சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, குனிந்து தரையில் வரிசையாக எட்டுக் கட்டம் போட்டார்.

"இது நம்ம தெரு. கிழக்க மெயின் ரோடு, மேற்க ஓடை. ஒண்ணாம் நம்பர் மனை ரோட்டு மேல இருக்கு, டீக்கடை மைதீன் பாய் இடம். ரெண்டு, இந்தக் கிட்டங்கி. இப்படியே போய் ஏழு என் வீடு, எட்டு ஓடைக்கரையில கண்டக்டர் குருவையா வீடு. சரியா?"

"சரி."

"பத்திரத்துல ஒண்ணாம் நம்பர் ஓடைக்கரையில இருக்கு. எட்டு ரோட்டு மேல. அறுபத்தெட்டுல ஒரே ஆள் எட்டு மனையா வித்திருக்காரு. எழுதின எட்டுப் பத்திரத்துலயும் நான்கெல்லை தலைகீழ். வடக்கயும் தெற்கயும் தெருவுங்கிறதால யாருக்கும் சந்தேகம் வரல. சட்டத்துல நம்பர விட எல்லைதான் பேசும்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பேச்சிக்கு முதலில் புரிந்துவிட்டது. "அப்ப அக்கா இருக்கது ரைட்டர் இடத்துல, ரைட்டர் இருக்கது அக்கா வாங்கப் போற இடத்துலயா? ஆத்தாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எந்த மடையன் எழுதினான் இத?" என்று கத்தினேன்.

"எங்க அப்பா" என்றார் இஸ்ரவேல். "சாலமோன் ரைட்டர். எழுதின கூலிக்குத்தான் ஏழாம் நம்பர வாங்கினாரு."

கையில் சுண்ணாம்போடு நின்றார். எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ரோட்டுப் பக்கத்துக் கிட்டங்கி காகிதத்தில் அவருடையது. அவர் இடத்தில் வியாபாரி யாராக இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பான். நானே யோசித்திருப்பேன்.

டீ வாங்கி வரச் சொன்னேன். சர்க்கரை வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 3

சார்பதிவாளர் மேடத்தைப் பார்த்தோம். இளவயதுதான், தெளிவாகப் பேசினார். எட்டுப் பேரும் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். விற்றவரின் வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். "ஒருத்தர் வரலைன்னாலும் எட்டும் நின்னுரும். எட்டு பேரையும் ஒரே நாள்ல கூட்டிட்டு வாங்க, முடிச்சுத் தர்றேன்."

கனகசபாபதி அய்யாவிடம் சொன்னேன். அவருடைய மகன் போனைப் பிடுங்கி, வில்லங்கம் இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்க மதுரையில் ஒரு பார்ட்டி தயாராக இருக்கிறது என்றான். "ஆகஸ்ட் அஞ்சு வரைக்கும் உங்களுக்குத்தான் ஆன்ட்டி. அதுக்கு மேல முடியாது."

ஜூலை 5

தமயந்தி போன். எல்லாம் விவரமாகச் சொன்னேன்.

"அம்மா, இப்ப எத்தன தடவ 'ரைட்டர்'னு சொன்ன தெரியுமா? பதினொண்ணு. எண்ணிட்டே இருந்தேன்."

"பத்திர வேலையில ரைட்டரச் சொல்லாம மாவு மில்காரனையா சொல்லுவாங்க?"

"சரி சரி" என்றாள். சிரிப்பு மாதிரி இருந்தது. லைன் சரியில்லை.

ஜூலை 9

விற்றவரின் ஒரே மகள் சாத்தூரில் இருக்கிறார் என்று இஸ்ரவேல் கண்டுபிடித்தார். பெயர் சண்முகவடிவு. வயது எழுபத்தெட்டு. பஸ்ஸில் போனோம். எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்.

அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை தட்டிச் சிரித்தார்.

"சாலமோன் ரைட்டர் மகனா நீ? அப்ப எனக்கு இருபது வயசிருக்கும், அந்த மேசைப் பக்கத்துலதான் நின்னேன். மனை வரைபடத்த மேசையில விரிச்சாக. எங்க அப்பா நாற்காலியில, உங்க அப்பா எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டு. படம் எங்க அப்பாவப் பாத்து இருந்துச்சு. முதலாளி முன்னால இருக்க காகிதத்தத் திருப்பினா மரியாதைக் குறைச்சல்னு, அந்த மனுசன் கடைசி வரைக்கும் எதிர்ப்பக்கம் நின்னே பாத்து எழுதினாரு. ஒரு தடவகூடத் திருப்பல. அப்படி ஒரு பணிவு!"

இஸ்ரவேல் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒரு வாரமா அப்பா போதையில எழுதிட்டாரோன்னு நினைச்சு நினைச்சுத் தூக்கமில்ல. பணிவாம்! பணிவு!" நானும் சிரித்தேன். அந்த அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கையெழுத்துப் போட வர ஒப்புக்கொண்டார். கார் மட்டும் அனுப்ப வேண்டுமாம்.

சாத்தூரில் காராச்சேவு வாங்கினேன். திரும்பும்போது பஸ்ஸிலேயே பாதி தீர்ந்துவிட்டது. மனிதர் சிரித்தால் முகம் வேறு மாதிரி இருக்கிறது. சும்மா குறித்து வைக்கிறேன்.

ஜூலை 12

ரைட்டரையும் சேர்த்து ஏழு பேர் சம்மதம். மைதீன் பாய், "நீங்க சொன்னா சரிதான் அக்கா" என்றார்.

ஜூலை 15

எட்டாம் நம்பர் குருவையா முடியாது என்கிறார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். வெறும் பேச்சுக்கே விசில் அடிக்கிற மாதிரிக் குரல்.

"எம் பத்திரத்துல மெயின் ரோட்டு மூலை மனைன்னு எழுதியிருக்குல்ல? அப்ப டீக்கடை எனக்குத்தான? நான் எதுக்குத் திருத்தணும்?"

"பாய் நாப்பது வருசமா அங்க டீ ஆத்துறாரு, கண்டக்டரே" என்றார் இஸ்ரவேல்.

"டிக்கெட்ல என்ன ஸ்டாப் எழுதியிருக்கோ அங்கதான் இறக்கி விடணும் ரைட்டரே."

அவர் ஒருத்தர் நின்றால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஆகஸ்ட் ஐந்துக்கு இருபத்தோரு நாள். சாயங்காலம் தமயந்தியிடம் கோயம்புத்தூரில் சாக்குக்கு என்ன விலை என்று கேட்டேன்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. யோசித்துக்கொண்டே தைத்ததில் விரலில் ஊசி ஏறியது. ஆனால் ஒரு யோசனையும் ஏறியது. மைதீன் பாயிடம் போய் ஐந்து நிமிடம் பேசினேன்.

ஜூலை 18

காலை டீக்கு குருவையா வந்ததும் நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"கண்டக்டர் சொல்றதுதான் நியாயம்" என்றேன். "பத்திரம்னா பத்திரம். பாய், கடையக் காலி பண்ணிட்டு அவரு வீட்டுக்குப் போயிருங்க."

"நாளைக்கே போறேன் அக்கா" என்றார் மைதீன் பாய். முகத்தில் அவ்வளவு ஆனந்தம். "இங்க போர் போட்டா உப்புத் தண்ணி. டீக்குத் தினமும் கேன் வாங்குறேன். போன வருசம் கண்டக்டர் போட்ட போர்ல கல்கண்டு மாதிரித் தண்ணி வருதாம்ல? எழுநூறு அடியாமே?"

"எழுநூத்தி இருவது" என்று பெருமையாகச் சொன்ன குருவையா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏ, அது என் போர்!"

"மனை யாருதோ போரும் அவருது" என்றேன். "மாடியில நீங்க போட்ட ஓட்டு ஷெட்டும் பாய்க்குத்தான். பதிலுக்கு இந்த ஓலைக் கொட்டகை உங்களுக்கு. ரோடு அகலப்படுத்த இதுல முன்பக்கம் ஆறடி அளந்து கல்லு நட்டிருக்காக, அதையும் சேத்து எடுத்துக்கங்க."

பாய் வீட்டம்மா வேறு உள்ளிருந்து, "என்னங்க, அந்த வீட்டுல முருங்கை மரம் இருக்குல்ல?" என்று கேட்டார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

குருவையா டீயை முடிக்கவில்லை. "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லித் தொலைங்க" என்றார்.

ஆபீஸுக்குப் போய் இஸ்ரவேலிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னேன். இன்று அவர் முதலாளியம்மா என்று கூப்பிடவில்லை.

ஜூலை 22

நாள் குறிப்பதில் சண்டை. ஆடியில் யாராவது பதிவார்களா என்கிறார் ஐந்தாம் நம்பர். ஆவணி பிறந்து பார்க்கலாம் என்கிறார் நான்காம் நம்பர். ஆவணியில் அய்யா மெல்போர்னில் இருப்பார். ஆறாம் நம்பருக்குச் சந்திராஷ்டமம். ஒருத்தருக்குச் செவ்வாய் ஆகாது, ஒருத்தருக்கு அஷ்டமி ஆகாது.

நான் ஆபீஸில் விசாரித்தேன். இந்த மாதத்தில் மேடம் முழு நாளும் சும்மா இருக்கிற நாள் எது என்று கேட்டேன். ஜூலை முப்பது என்றார்கள். ஆடி, செவ்வாய், அஷ்டமி, மூன்றும் ஒன்றாக. ஊரில் ஒருத்தன் டோக்கன் போடவில்லை.

தெருவில் எல்லோரையும் கூட்டினேன். "புதுசா வாங்கினா நல்ல நாள் பாருங்க. இது தப்பத் திருத்துறது. காய்ச்சலுக்கு ஊசி போட நல்ல நாள் பாத்தா போனீக?"

"நீ புதுசா வாங்குறியே, உனக்கு?" என்றார் குருவையா.

"எனக்கு ஆபீஸ் திறந்திருந்தா நல்ல நாள்" என்றேன்.

இஸ்ரவேல் பின்னால் நின்று, "எங்க ஆளுகளுக்கு அஷ்டமியே கிடையாது, நான் முதல்ல போடுறேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஜூலை 30

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை.

சண்முகவடிவு அம்மாள் காரில் வந்து இறங்கினார், பட்டுச் சேலையில். மைதீன் பாய் பெரிய பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். குருவையா எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, "ஏறு, ஏறு, உள்ள போ" என்று டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். ஆபீஸில் எங்களைத் தவிர வேறு ஆளில்லை. எட்டுப் பத்திரம், எட்டு ரேகை, எட்டு போட்டோ. ஒவ்வொன்றிலும் இஸ்ரவேல் எல்லையைச் சத்தமாகப் படித்தார். மனை வரைபடத்தை மேடத்துக்கு நேராகவும் வைக்கவில்லை, தனக்கு நேராகவும் வைக்கவில்லை. சுவரில் ஒட்டிவிட்டார்.

என் கிரயம் கடைசி. மணி மூன்றே கால், சரியான ராகு காலம். கனகசபாபதி அய்யா அழகாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு நான். காமிரா முன்னால் உட்கார வைத்தார்கள்.

"சிரிக்காதீங்கம்மா, போட்டோ ஏத்துக்க மாட்டேங்குது" என்றார் கம்ப்யூட்டர் பெண்.

"முடியலியே தாயி."

நான்காவது தடவைதான் எடுக்க முடிந்தது. அதிலும் பல் தெரிகிறது.

கிட்டங்கி என்னுடையது. நான் இந்த ஊரை விட்டு எங்கும் போகப் போவதில்லை. பேச்சி குலவை போட்டாள், மேடம் அதட்டவில்லை.

ஆகஸ்ட் 1

ஆபீஸில் இனி எனக்கு வேலை இல்லை.

ஆகஸ்ட் 2

சும்மா அந்தப் பக்கம் போனேன். போனது போனோமே என்று ஒரு வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதச் சொன்னேன்.

இஸ்ரவேல் சர்வே நம்பரைப் பார்த்தார். "இது பைபாஸ் பெட்ரோல் பங்க்."

"ஆமா."

"வாங்கப் போறீங்களா?"

"தெரிஞ்சு வச்சுக்கிறதுல என்ன தப்பு?"

மனுவை எழுதினார். இரண்டு டீ வந்தது.

ஆகஸ்ட் 6

நேற்று அய்யாவை மதுரை விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்தேன். இன்று வேறொரு சர்வே நம்பர் கொடுத்தேன். இஸ்ரவேல் வெகுநேரம் பார்த்தார்.

"இது போலீஸ் ஸ்டேஷன்."

பக்கத்து எழுத்தர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவருக்கும்தான். மனுவை மட்டும் நேர்த்தியாக எழுதி முடித்தார்.

ஆகஸ்ட் 9

முப்பது வருடம் வியாபாரம் செய்தவள், சரக்கு வேண்டும் என்றால் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் வில்லங்கம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. காலையில் நேராக ரைட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ரைட்டர், சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. எனக்கு அம்பத்திமூணு வயசு. சர்க்கரை இல்ல, பிரஷர் கொஞ்சம் இருக்கு. கோபம் வரும், பத்து நிமிசத்துல போயிரும். புருசன் போய்ப் பத்தொம்பது வருசம். தனியா இருக்கப் பயமில்ல. ஆனா உங்ககூடப் பேசினா நாள் நல்லா போகுது. சாமி விசயத்துல நீங்க சர்ச்சுக்குப் போங்க, நான் கோயிலுக்குப் போறேன். கல்யாணம் பண்ணிக்கிடுவோமா?"

பேப்பரை நான்காக மடித்தார். மறுபடி விரித்தார்.

"ஒருக்கா யோசிச்சுட்டுச் சொல்றேனே" என்றார்.

"மூணு தடவ யோசிங்க. உங்க வழக்கம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நூறு சாக்கு தவறாக எண்ணினேன்.

ஆகஸ்ட் 10

காலை ஆறே முக்காலுக்குக் கிட்டங்கி ஷட்டரைத் திறந்தால் வெளியே நிற்கிறார். புதுச் சட்டை.

"மூணு தடவையும் ஒரே பதில்தான் வந்துச்சு வெயிலு" என்றார்.

ஆகஸ்ட் 19

இரண்டு பேருக்கும் வேறு வேறு சாமி, ஒருத்தரும் மாறப் போவதில்லை. அப்படியானால் தனிச் சட்டத்தின்படி இதே ஆபீஸில்தான் பதிவாம். பெயரையும் முகவரியையும் நோட்டீஸ் போர்டில் முப்பது நாள் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். இன்று ஒட்டினார்கள். பத்து நிமிடத்தில் தெருவே அங்கே நின்று படித்தது.

தமயந்தியிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. "பதினொரு தடவ ரைட்டர்னப்பவே மாமாவுக்கு வேட்டி எடுத்து வச்சுட்டேன்" என்றாள். பிறகு அழுதாள். நல்ல அழுகைதான். தூத்துக்குடிப் பையனும் போன் செய்தான். "அம்மா" என்று சொல்லத் தயங்கி, "வணக்கம்" என்றான். போதும், மெதுவாக வரட்டும். அப்பனைப் போலத்தானே இருப்பான்.

செப்டம்பர் 4

ஆட்சேபம் என்று குருவையா போய் மேடத்திடம் நின்றிருக்கிறார். என்ன என்று கேட்டதற்கு, சாட்சிக் கையெழுத்துக்குத் தன்னைக் கூப்பிடவில்லையாம். கூப்பிட்டாயிற்று.

செப்டம்பர் 23

புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இந்த மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆபீஸ் காலியாக இருந்தது. தமயந்தி, மருமகன், பேரன், தூத்துக்குடிப் பையன். சாட்சிக்குப் பேச்சி, மைதீன் பாய், குருவையா. பேச்சி கையெழுத்து மூன்று நாள் பழகிவிட்டு வந்திருந்தாள்.

மேடம் எழுந்து நின்றே கேட்டார். சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியாம்.

"இஸ்ரவேல், உங்க சொந்த விருப்பத்துலதான் சம்மதிக்கிறீங்களா? யாரும் உங்கள வற்புறுத்தலையே?"

அவர் வழக்கம்போல யோசித்தார். எல்லோரும் காத்திருந்தோம். குருவையா பொறுக்காமல், "ரைட்டரே, சொல்லித் தொலையும், ரைட் குடுக்கணும்ல" என்றார்.

"சொந்த விருப்பம்தான்" என்றார் அவர், என்னைப் பார்த்து.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்கள யாராவது வற்புறுத்தினாங்களா?"

"என்னை யாரும் வற்புறுத்தல மேடம்" என்றேன். "வற்புறுத்தினது நான்தான்."